கம்பெனி அனுமதித்த கை

ஸ்க்ரூ அக்காவுக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவை அவளுடைய வெள்ளைத் தாள்கள். எந்த செல்போனைப் பிரிக்க உட்கார்ந்தாலும் முதலில் ஒரு தாளில் அந்த போனின் உருவத்தைப் பென்சிலால் வரைவாள். பிறகு கழற்றுகிற ஒவ்வொரு ஸ்க்ரூவையும், அது எந்தத் துளையிலிருந்து வந்ததோ, படத்தில் அதே இடத்தில் வைப்பாள். அந்த நேரத்தில் மின்விசிறி ஓடக் கூடாது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் வந்து மேஜையில் கை ஊன்றக் கூடாது. தும்மல் வந்தால் எழுந்து வெளியே போய்த் தும்மிவிட்டு வருவாள். ஒரு முறை புருஷன் சாப்பாட்டுப் பையைத் தொப்பென்று மேஜையில் வைத்துவிட்டு, பதினொரு ஸ்க்ரூக்களைத் தரையில் மண்டியிட்டுத் தேடினார். அன்றிலிருந்து பையை வாசலிலேயே நின்று நீட்டுவார்.

இத்தனை பதைப்புக்கும் காரணம் இறகு கம்பெனிதான். போனின் முதுகில் ஒரு இறகு போட்டிருக்குமே, அந்தக் கம்பெனி. அதன் போனுக்குள் இருக்கும் ஸ்க்ரூக்கள் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். அளவில் ஒன்றுகூட இன்னொன்றைப் போல இருக்காது. நீளமானதைக் கொண்டுபோய்க் குட்டையானதன் துளையில் முடுக்கினால், அது போர்டைக் குத்திக்கொண்டு இறங்கி உள்ளே ஓடும் மயிரிழைக் கம்பிகளை அறுத்துவிடும். அதோடு போனின் கதை முடிந்தது. ஒரே அளவில் ஸ்க்ரூ செய்ய வக்கில்லாத கம்பெனி இல்லை அது. திறக்கிறவன் திண்டாட வேண்டும், அவ்வளவுதான். ஸ்க்ரூவின் தலையில் யாரிடமும் திருப்புளி இல்லாத வடிவத்தில் பள்ளம், பேட்டரிக்கு அடியில் பெயர்த்தால் கிழிகிற பசை என்று, அடுத்தவன் கை உள்ளே வராமலிருக்க அவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டதில் பாதியைப் பேட்டரிக்குச் செலவு செய்திருந்தால் அது சாயங்காலம் வரையாவது தாங்கியிருக்கும்.

ஒரு இறகு போனின் திரையைக் கழற்றி இன்னொரு இறகு போனில் மாட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் பிறந்தவையாக இருக்கலாம். 'இந்தப் பாகம் யாரென்று தெரியவில்லை' என்று போன் முறையிடும். காலையில் முறையிடும், மத்தியானம் முறையிடும், அவசரத்துக்கு யாரையாவது அழைக்கப் போகும்போதும் குறுக்கே வந்து முறையிடும். கம்பெனி 'சரி, சேர்த்துக்கொள்' என்று எங்கிருந்தோ சொன்னால்தான் வாயை மூடும்.

ஆனால் ஜனங்கள் அந்தக் கம்பெனியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். போனுக்கு உறை வாங்கினால் இறகு தெரிகிற மாதிரி அதில் வட்டமாக ஓட்டை இருக்க வேண்டும். டீக்கடை மேஜையில் போனைக் குப்புறத்தான் வைப்பார்கள், அப்போதுதானே இறகு மேலே தெரியும். யார் அழைக்கிறார்கள் என்று தெரியாமல் போனால் போகட்டும். ஒரு கல்லூரிப் பேராசிரியர், தன்னிடமிருந்த வேறு கம்பெனி போனுக்கு இறகு போனின் பின்மூடியைப் பொருத்தித் தர முடியுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அக்கா முடியாது என்றதும், இறகு ஸ்டிக்கராவது இருக்கிறதா என்றார். படித்த மனுஷன் பாருங்கள்.

அக்காவின் கடை ஒரு வணிக வளாகத்தின் தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து வந்தால் ஒருவர் வெளியே நிற்க வேண்டும். நேர் மேலே, முதல் மாடி முழுவதும் கண்ணாடியாக, இறகு கம்பெனியின் ஷோரூம். அங்கே விற்பனையில் இருந்தவன் அக்காவின் சொந்தத் தம்பி. முப்பத்தெட்டு வயது, இளந்தொந்தி, அதன்மேல் இறகு போட்ட சாம்பல் நிறச் சட்டை. அங்கே சேர்ந்த பிறகு அவன் 'போன்' என்ற வார்த்தையையே மறந்துவிட்டான். போன் 'கருவி' ஆயிற்று. வாடிக்கையாளர் 'விருந்தினர்' ஆனார். கெட்டுப்போச்சு என்று சொல்லக் கூடாதாம். 'ஆயுளை நிறைவு செய்துவிட்டது' என்று சொல்ல வேண்டுமாம். சொல்லும்போது கைகளை முன்னால் கோத்துக்கொள்ள வேண்டுமாம். வீட்டில் மிக்சி ஓடாமல் போனபோதும் அவன் கையைக் கோத்துக்கொண்டு நின்றதாக அவன் மனைவி சொன்னாள்.

பத்தொன்பது வருஷம் இப்படி மேலே விற்பதும் கீழே பிரிப்பதுமாக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு நாள் வளாகத்தின் மேனேஜர் கையில் தாளோடு வந்து நின்றார்.

"ஸ்க்ரூ அக்கா, தப்பா நினைக்காதீங்க. இனிமே இந்தக் கட்டடத்துல இறகு போன்ல யார் கை வச்சாலும் அவங்க அனுமதிப் பத்திரம் இருக்கணுமாம். மேல இருக்கிறவங்க சொல்றாங்க. அவங்கதான் இங்க பெரிய பார்ட்டி."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா இடத்தைக் காலி பண்ணித் தர வேண்டியிருக்கும்" என்று அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

தம்பிதான் ஓடியாடி ஏற்பாடு செய்தான். அக்காவுக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்தும் போட்டான். கம்பெனியின் பரீட்சை ஒன்று பாக்கி, நாற்பது கேள்வி, கணினியில் எழுத வேண்டும். அக்கா சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். தினம் செய்கிற வேலையைத்தானே கேட்கப் போகிறார்கள்?

முதல் கேள்வி: கருவியில் சார்ஜ் ஏறவில்லை என்கிறார் விருந்தினர். நீங்கள் முதலில் செய்வது என்ன? துளையில் அடைந்திருக்கும் பஞ்சை மெல்லிய பிரஷ்ஷால் எடுப்பேன் என்ற விடையைத் தொட்டாள். பத்தில் ஏழு போன் அதிலேயே சரியாகிவிடும். தவறு என்றது கணினி. சரியான விடை: விருந்தினருக்குப் புதிய கருவிகளை அறிமுகப்படுத்துவேன். இரண்டாவது கேள்வி: கருவி தண்ணீரில் விழுந்துவிட்டது. உடனே அணைத்து, பிரித்து, உலர்த்துவேன் என்றாள். அதுவும் தவறு. அனுதாபம் தெரிவிப்பேன் என்பதுதான் சரி. நாற்பதில் ஒன்பது வாங்கித் தோற்றாள். 'உங்கள் தொழிலறிவு போதுமானதாக இல்லை. மனம் தளர வேண்டாம்' என்று ஒரு இறகு திரையில் மிதந்து வந்து ஆறுதல் சொன்னது.

"உனக்குத் தெரிஞ்சதை எழுதுனா எப்படிக்கா பாஸ் ஆவே?" என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "அவங்களுக்குப் பிடிச்சதை எழுது."

அடுத்த வாரம் மறுபடி உட்கார்ந்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகளையும் படித்தாள். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூசுகிற விடை எதுவோ, அதைத் தொட்டாள். நாற்பதுக்கு நாற்பது.

அச்சகத்தில் வேலை பார்த்த புருஷன் அனுமதிப் பத்திரத்தைத் தடித்த அட்டையில் ஒட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டு, வீட்டுக் கூடத்தில் மாட்டினார். கம்பெனியிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு மேஜையைத் தடவிப் பார்த்தார். அக்காவின் மைக்ராஸ்கோப், சால்டரிங் அயர்ன், சூடான காற்று ஊதுகிற மெஷின் மூன்றையும் ஓர் இரும்பு அலமாரியில் வைத்து மூடி, கதவின் குறுக்கே இறகு அச்சடித்த டேப்பை ஒட்டினார்.

"போர்டில் இனி நீங்கள் கை வைக்கக் கூடாது. திரை மாற்றலாம், பேட்டரி மாற்றலாம். போர்டு பழுது என்றால் ஆயுள் நிறைவு. டேப் கிழிந்தால் அனுமதி ரத்து. எந்தக் கருவியைத் திறப்பதானாலும் முன்னதாக அதன் எண்ணை எங்கள் இணையப் பக்கத்தில் பதிவு செய்யுங்கள்" என்றார் ஆய்வாளர்.

"நான் கத்துக்கிட்டதே போர்டு வேலைதான் சார்."

"கற்றதை மறப்பதற்கும் எங்களிடம் பயிற்சி இருக்கிறது" என்றார். கிண்டல் என்று நினைத்து அக்கா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அதன் பிறகு இரண்டு மாதம் அக்கா அனுமதி பெற்ற கையாக வாழ்ந்தாள். ஒரு புள்ளி ஈயம் வைத்தால் எழுந்து உட்காரும் போன்களைப் பார்த்து, ஆயுள் நிறைவு என்று சொல்லி அனுப்பினாள். சொல்லும்போது நாக்கு கூசியது. சொல்லிவிட்டு உள்ளே திரும்பித் துப்பிவிட்டு வரத் தோன்றியது. கையைக் கோத்துக்கொள்ள மட்டும் கடைசி வரை அவளுக்கு வரவில்லை.

"என்ன ஸ்க்ரூ அக்கா, வைத்தியம் பாத்துக்கிட்டு இருந்தீங்க, இப்போ சாவுச் சான்றிதழ் குடுக்கிற ஆபீஸா மாறிட்டீங்களே!" என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர். அக்கா அடுத்த போனை எடுத்துக்கொண்டாள்.

அப்படி இருக்கையில்தான் ஒரு மத்தியானம் லாரி டிரைவர் ஒருவர் மாடிப்படியிலிருந்து இறங்கி நேரே அவள் கடைக்குள் வந்தார். ஒரு கையில் இறகு போன், இன்னொரு கையில் ஒன்பது வயது மகள். மகளின் ஒரு கால் சாக்ஸ் கீழே சுருண்டு கிடந்தது. அதை இழுத்துவிடுவதற்குக்கூட அந்தக் குழந்தை யாரையும் அனுமதிக்கவில்லை.

"மேல பேட்டரி மாத்தக் குடுத்தேன் மேடம். போகும்போது நல்லாத்தான் இருந்துச்சு. திரும்பி வரும்போது பிணமா வந்துச்சு. ஆயுள் முடிஞ்சுதுங்கிறாங்க. போனைக் குடுத்துட்டுப் போங்க, நாங்களே மரியாதையா அழிச்சிடுறோம்ங்கிறாங்க. பதினோரு நாளா ஏறி இறங்கிட்டேன்."

"வேற போன் வாங்கிக்கலாமேங்க?"

"போன் எனக்கில்ல மேடம். இவளுக்கு."

குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கும். பேச்சு மட்டும் பிறந்ததிலிருந்தே இல்லை. அந்த போனில் கட்டம் கட்டமாகப் படங்கள் இருந்தன. தண்ணீர் டம்ளர், செருப்பு, பள்ளிக்கூடம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பொம்மை. படத்தைத் தொட்டால் அப்பாவின் குரல் சொல்லும். நான்கு வருஷமாக ஒவ்வொன்றாகச் சேர்த்து அறுநூற்றுக்கும் மேல் ஆகியிருந்தது. எல்லாவற்றையும் அவர் பதிவு செய்தது லாரிக்குள் உட்கார்ந்துதான். வீட்டைவிட அது அமைதியாம். அதனால் 'எனக்குத் தண்ணி வேணும்' என்பதற்குப் பின்னால் ஒரு ஹாரன் கேட்கும். பூஞ்சையான அந்தக் குழந்தை ஊருக்குள் பேசியதெல்லாம் ஒரு லாரி டிரைவரின் கரகரத்த குரலில்தான்.

பழைய போன் ஒன்றில் மறுபடி முப்பது படம் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தாராம். மகள் அதைச் சுவரில் அடித்துவிட்டாள். வேறெங்கும் நகல் எடுத்து வைக்கவில்லையா என்று அக்கா கேட்டாள். இடம் நிறைந்துவிட்டது, இடம் நிறைந்துவிட்டது என்று போன் தினமும் சொல்லிக்கொண்டிருந்ததாம். அது சொல்கிற ஆயிரம் புலம்பலில் இதுவும் ஒன்று என்று அவர் விட்டுவிட்டார். அவரைக் குறை சொல்லி என்ன?

அக்கா விதிப்படி போனின் எண்ணைக் கம்பெனியின் பக்கத்தில் பதிந்தாள். சிவப்பாக வந்தது: 'ஆயுள் நிறைவு. திறக்க வேண்டாம். திருப்பி அனுப்பவும்.' அவள் தாளை எடுத்துப் படம் வரைந்தாள். மின்விசிறியை அணைத்தாள். திரையைத் தூக்கி, ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தாளில் வைத்தாள். ஆறாவது ஸ்க்ரூவில் கை நின்றது. குட்டை ஸ்க்ரூ இருக்க வேண்டிய துளையிலிருந்து நீள ஸ்க்ரூ வந்திருந்தது. துளைக்கு அடியில் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். போர்டில் குத்து விழுந்திருந்தது.

குளிர்சாதன அறையில், வெள்ளைக் கையுறையோடு, கம்பெனியே பயிற்சி கொடுத்த கை செய்த வேலை அது. அக்காவுக்கு உச்சந்தலை வரை ஏறியது. மேலே ஆளனுப்பித் தம்பியைக் கூப்பிட்டாள்.

அவன் வந்து ஸ்க்ரூவைப் பார்த்தான், போர்டைப் பார்த்தான். எத்தனை வருஷம் கருவி என்று சொன்னாலும் அவன் ஸ்க்ரூ அக்காவின் தம்பி. விஷயம் உடனே புரிந்துவிட்டது. முகம் சுண்டிப்போயிற்று.

"அக்கா, இதைப் பெரிசு பண்ணாத. போனை என்கிட்ட குடு. நான் மேல பேசி இவருக்குப் புதுசே வாங்கிக் குடுத்துடுறேன்."

"புதுசுல எம் பொண்ணு பேசுறது இருக்குமா சார்?" என்று கேட்டார் டிரைவர்.

தம்பியின் கைகள் தாமாகவே முன்னால் கோத்துக்கொண்டன. "புதிய கருவியில் விருந்தினர் புதிய நினைவுகளை..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நின்றான். குழந்தை அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கோத்த கையைப் பிரித்து, அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்து, மேஜையில் கழற்றி வைத்திருந்த கறுத்த திரையின் மேல் ஓர் இடத்தில் வைத்து அழுத்தியது. அழுத்திவிட்டு அவன் வாயையே பார்த்தது. மறுபடி அதே இடத்தில் அழுத்தியது. கம்பெனி ஆள் தொட்டாலாவது பேசுமோ என்று பார்த்ததோ என்னவோ.

"டேய், அந்த விளக்கை எடுத்துப் பிடி" என்றாள் அக்கா.

"எதுக்கு? அக்கா, வேணாம். டேப்பைக் கிழிச்சா கடை போயிடும். பத்திரத்துக்குக் கீழ என் கையெழுத்து இருக்கு."

"தெரியும். விளக்கைப் பிடி."

டேப் கிழிகிற சத்தம் ஜெராக்ஸ் கடை வரை கேட்டது. அக்கா மைக்ராஸ்கோப்பை எடுத்து வைத்து, இரண்டு மாதத் தூசியைத் துடைத்தாள். உள்ளே மூன்று கம்பிகள் அறுந்திருந்தன. மயிரைவிட மெல்லிய செம்புக் கம்பியை வெட்டி, அறுந்த இடத்துக்கு மேலாகப் பாலம் போட்டு, இரண்டு முனையிலும் ஈயத்தால் பிடிக்க வேண்டும். ஒன்று ஒட்டும்போது முன்பு ஒட்டியது விட்டுக்கொள்ளும். மூச்சை அடக்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் குனிந்திருந்தாள். அவ்வளவு நேரமும் தம்பி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். கை மாற்றிக்கொள்ளக்கூட அவள் விடவில்லை. சட்டையில் இறகு இருந்த இடம் வியர்வையில் தொப்பலாகிவிட்டது. மேலேயிருந்து இரண்டு முறை அழைப்பு வந்தது. அவன் எடுக்கவில்லை.

பூட்டி முடித்ததும் அக்கா முதலில் சிம்மை உருவி டிரைவர் கையில் கொடுத்தாள். "இனிமே இதுல சிம் போடாதீங்க. இன்டர்நெட் பக்கமே கொண்டு போகாதீங்க. இது செத்துடுச்சுன்னு அவங்க கணக்குல எழுதியாச்சு. உயிரோட இருக்குன்னு தெரிஞ்சா அங்கிருந்தே பூட்டிடுவாங்க. நாளைக்கே ஒரு கம்ப்யூட்டர் கொண்டு வாங்க, எல்லாத்தையும் நகல் எடுத்துத் தர்றேன்."

பொத்தானை அழுத்தினாள். திரையில் இறகு வந்தது. ஒரு முழு நிமிஷம் இறகு மட்டும்தான் நின்றது. அந்த நேரத்திலும் அவர்களுக்குத் தங்கள் முகத்தைக் காட்டியாக வேண்டும். அதன் பிறகுதான் படங்கள் வந்தன.

குழந்தை போனைப் பிடுங்கிக்கொண்டது. தண்ணீரைத் தேடவில்லை, செருப்பைத் தேடவில்லை. விரலால் விறுவிறுவென்று தள்ளிக்கொண்டே போய் ஒரு சிவப்பு முகத்தைத் தொட்டது. லாரி எஞ்சின் உறுமலுக்கு நடுவே கரகரத்த ஆண் குரல் சொன்னது: "எனக்குக் கோபம் கோபமா வருது."

மறுபடி தொட்டது. "எனக்குக் கோபம் கோபமா வருது." அப்பாவைப் பார்த்து ஒரு முறை, அக்காவைப் பார்த்து ஒரு முறை, எட்டிப் பார்த்த ஜெராக்ஸ் கடைக்காரரைப் பார்த்து ஒரு முறை. தம்பிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு விடாமல் தொட்டது. பதினான்கு முறை என்று ஜெராக்ஸ் கடைக்காரர் பிறகு எல்லாரிடமும் சொன்னார். தம்பி விளக்கை அணைக்கவும் மறந்து, அத்தனையையும் நின்று வாங்கிக்கொண்டான்.

"பதினோரு நாளா இதைத்தான் சொல்ல வந்திருக்கா" என்று டிரைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் தண்ணி வேணுமா, சோறு வேணுமான்னு கேட்டுக்கிட்டே இருந்திருக்கேன்."

நாலாம் நாள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஆயுள் நிறைவடைந்த கருவி ஒன்று உங்கள் கடையில் பதிவாகியிருக்கிறது, எங்கே? விதியை மதித்து எண்ணைப் பதிந்ததற்குக் கிடைத்த பரிசு. ஆய்வாளர் வந்தார், டேப்பைப் பார்த்தார், ஏன் கிழிந்தது என்று கேட்டார். "நான்தான் கிழிச்சேன்" என்றாள் அக்கா. உங்கள் ஆள் ஸ்க்ரூவை மாற்றிப் போட்டதால் என்றும் சொன்னாள். முதல் வாக்கியத்தை மட்டும் அவர் எழுதிக்கொண்டார். தம்பியை, கம்பெனிமீது அன்பு வளர்ப்பது எப்படி என்ற மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அனுமதியும் போயிற்று, மாடிப்படிக் கடையும் போயிற்று. புருஷன் கூடத்திலிருந்த பத்திரச் சட்டத்தைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் காலண்டரை மாட்டினார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அன்று ராத்திரி அக்காவுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

எதிர் வரிசையில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் புதுக் கடை அமைந்தது. ஏறி வர ஜனங்கள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் வந்தார்கள். அறையில் ஒரு பெரிய ஜன்னல். காலையிலிருந்து மாலை வரை நல்ல வெளிச்சம். அதற்கு நேரே மேஜையைப் போட்டுக்கொண்டு அக்கா ஐந்து மாதம் நிம்மதியாகப் போர்டு வேலை பார்த்தாள். மாதத்துக்கு இரண்டு தடவை லாரி டிரைவரின் மகள் வந்து புதுப் படங்கள் சேர்த்துக்கொண்டு போனாள்.

ஆறாம் மாதம் கட்டடத்தின் வெளிச்சுவர் முழுவதையும் உரிமையாளர் விளம்பரத்துக்கு விட்டார். ஒரே நாளில் சாரம் கட்டி, மேலிருந்து கீழ்வரை பிளாஸ்டிக் துணியை இழுத்துக் கட்டிவிட்டார்கள். அதில் பிரம்மாண்டமான ஒரு குழந்தை முகம். கன்னத்தோடு சேர்த்துப் பிடித்த இறகு போன். கீழே கொட்டை எழுத்தில்: 'குரல் இல்லாதவர்களின் குரல் நாங்கள்.'

அக்காவின் ஜன்னல் முழுக்க மறைந்துபோனது. கடைப் பலகையும் உள்ளே போய்விட்டது. உரிமையாளரிடம் போய், ஜன்னல் இருக்கிற இடத்தில் மட்டுமாவது வெட்டிவிடக் கூடாதா என்று கேட்டாள்.

"வெட்டலாம்னுதான் பார்த்தேன்மா" என்றார் அவர். "உங்க ஜன்னல் சரியா அந்தக் குழந்தையோட இடது கண்ணுல வருது. கண்ணுல ஓட்டை போட்டா நல்லாவா இருக்கும்? போதாததுக்கு ஒப்பந்தத்துல வேற, படத்தை யாரும் தொடக் கூடாதுன்னு போட்டிருக்கு."

தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்து உருகுகிறார்கள். சிலர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ரிப்பேர் கடைக்கு வழி கேட்பவர்களை ஜெராக்ஸ் கடைக்காரர் எதிர்ச்சாரிக்குக் கூட்டிக்கொண்டு வந்து, மேலே கையைக் காட்டி, "அந்தப் பாப்பாவோட இடது கண்ணுக்குப் பின்னாடி" என்று சொல்லி அனுப்புகிறார். அக்கா அங்கே பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.